சொல் சென்று சேரும் இடம்

தலைமை என்றதும் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே பலர் மனத்தில் தோன்றுகின்றன. உரக்கப் பேசுபவர் தலைவர். ஓயாமல் பேசுபவர் பெருந்தலைவர் என்ற எண்ணமும் நம்மவரிடையே இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பள்ளியையோ சங்கத்தையோ கோயிற் குழுவையோ நாள்தோறும் நடத்திச் செல்பவர் மேடையில் நிற்கும் நேரம் மிகச் சிறிது. நடைவழியில் நின்று சொல்லும் இரண்டு வாக்கியம், ஒரு தாயிடம் கேட்கும் ஒரு கேள்வி, காலையில் அனுப்பும் நான்கு வரிச் செய்தி ஆகியவற்றிலேதான் அவருடைய தலைமையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அச்சிறு சொற்கள் போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்கின்றனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மலாயாத் தோட்டங்களில் வளர்ந்த தமிழருக்குத் தலைமையின் பேச்சை முதன்முதலாகக் கற்பித்த இடம் பள்ளிக்கூடம் அன்று. பெரட்டுக் களமே ஆகும். பொழுது புலர்வதற்கு முன்பே லயத்து மக்கள் அங்கு வந்து நிற்பர். கிராணி பெயர் படிப்பார். இன்னாருக்கு இன்ன நிரை என்று கங்காணி சொல்வார். வெயில் ஏறுமுன் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆதலால் அங்கே பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. கேள்வி கேட்பவன் வேலைக்கு மறுப்பவனாகவே கருதப்பட்டான். மேலிருந்து கீழே கட்டளை வந்தது. கீழிருந்து மேலே ‘சரிங்கய்யா’ என்ற ஒரு சொல் மட்டும் போயிற்று. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடை செய்ததோடு, கங்காணி வழியாக ஆள் திரட்டும் முறை முடிவுற்றது. பெரட்டின் பேச்சு முறை மட்டும் முடிவுறவில்லை. அது தோட்டத்தை விட்டு வெளியேறிச் சங்கக் கூட்டங்களுக்கும், பள்ளிச் சபைகூடலுக்கும், சில வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

அதே தோட்டத்தில் வேறொரு பேச்சும் இருந்தது. ஆண்டுத் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கோயில் திடலில் கூடுவார்களே, அந்தப் பேச்சு. பெரட்டு அரை மணியில் முடியும். கோயில் கூட்டம் நள்ளிரவானாலும் முடியாது. பழைய கணக்கு வரும். பழைய மனத்தாங்கல் வரும். ஒரு கிழவி எழுந்து சென்ற ஆண்டு தன் வீட்டுக்குப் பிரசாதம் வரவில்லை என்பாள். கோயில் தலைவர் அனைத்தையும் கேட்டுக்கொண்டு இருப்பார். நேரம் வீணாவதாக எண்ணி இளைஞர் சலித்துக்கொள்வர். ஆனால், திருவிழாவன்று வரி கொடாத வீடும் இராது. பந்தற்கால் நட வராத ஆளும் இருக்கமாட்டான். கட்டளையால் கிடைத்த கைகள் கங்காணி திரும்பிப் பார்த்தபோது வேலை செய்தன. கேட்கப்பட்டதால் கிடைத்த கைகளுக்குக் கங்காணியே வேண்டியதில்லை.

இவ்விரு பேச்சுகளுள் எது தலைமைக்கு உரியது என்பதற்கு வள்ளுவரின் அதிகார அடைவே ஒரு குறிப்பைத் தருகிறது. பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதி 39ஆம் அதிகாரமாகிய இறைமாட்சியில் தொடங்கி 63ஆம் அதிகாரம் வரை செல்கிறது. கேள்வி என்னும் அதிகாரம் அதனுள் 42ஆவதாக, ஏறத்தாழத் தொடக்கத்திலேயே நிற்கிறது. சொல்வன்மையோ 65ஆவது அதிகாரம். அது அரசியலில் இல்லை, அமைச்சியலில் இருக்கிறது. தூது, குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை ஆகியனவும் அமைச்சியலிலேயே உள்ளன. நாவன்மை அமைச்சனுக்கு, செவி அரசனுக்கு என்று பகுத்து வைத்தாற்போல இவ்வடைவு அமைந்திருக்கிறது. அரசன் பேசவே வேண்டா என்பது இதன் பொருளன்று. காண்பதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் இல்லாதவனாகவும் அவன் இருக்கவேண்டும் என இறைமாட்சி வற்புறுத்துகிறது. செவிக்குக் கசப்பானதைப் பொறுத்துக் கேட்கும் பண்பையும் அதே அதிகாரம் அவனிடம் வேண்டுகிறது. பேச்சுப் போட்டிகளுக்கு மாணவரைப் பழக்கும் ஆசிரியர்கள் 65ஆம் அதிகாரத்தை ஓயாது எடுத்தாளுகின்றனர். 42ஆம் அதிகாரத்திற்கு எந்தப் பள்ளியிலும் கோப்பை வழங்குவதில்லை.

செவி மூடிய தலைமைக்கு என்ன விலை கொடுக்க நேரும்? தோட்டத்திலும் பள்ளியிலும் அவ்விலை மெல்ல மெல்லக் கழிவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. விமானத்தில் விமானிகள் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிவிடுகிறது. ஆகவே அங்கே நிகழ்ந்த ஒரு கோர விபத்து இதனை நொடிக்கு நொடி காட்டக்கூடியதாக இருக்கிறது.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீப்பில், லோஸ் ரோடியோஸ் என்னும் சிறு விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் நின்றன. ஒன்று டச்சு நாட்டுக் கே.எல்.எம். நிறுவனத்துடையது, மற்றொன்று அமெரிக்கப் பான் ஆம் நிறுவனத்துடையது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இவை இங்கே திருப்பிவிடப்பட்டவை. பனிமூட்டம் ஓடுபாதையை மறைத்திருந்தது. பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் மறுமுனையில் கே.எல்.எம். விமானம் புறப்படக் காத்திருந்தது.

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி சாதாரண ஆள் அல்லர். அந்நிறுவனத்தில் பிற விமானிகளுக்கு 747 விமானத்தை ஓட்டப் பயிற்சி அளித்தவர். அவர் வேகத்தைக் கூட்டத் தொடங்கியபோது, அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி ஒருமுறை தடுத்தார். தலைவர் நிறுத்தி, கேட்கச் சொன்னார். கட்டுப்பாட்டு நிலையம் புறப்பட்டபின் செல்லவேண்டிய வழியை மட்டும் சொல்லிற்று; புறப்பட அனுமதி தரவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைவர் விமானத்தை ஓடவிட்டார். இம்முறை துணை விமானி தடுக்கவில்லை. ‘இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்’ என்ற இருபொருள் படும் தொடரை வானொலியில் சொல்லி முடித்தார். நிலையத்தார் ‘சரி’ என்றனர். பின்னர்க் காத்திருக்கும்படி அவர்கள் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பான் ஆம் விமானிகள் சொன்னதும் ஒரே வேளையில் மோதி, கே.எல்.எம். அறையில் கீச்சொலியாகவே கேட்டன.

இதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. பான் ஆம் விமானத்திற்கும் நிலையத்திற்கும் இடையே நடந்த அடுத்த பேச்சு தெளிவாகக் கேட்டது. விமானப் பொறியாளர் அதைக் கவனித்து, அந்த விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையா என்று வினவினார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மறுமுறை கேட்கவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதனினும் மிகுதியான உயிர்களைக் கொண்ட விபத்து வேறில்லை.

பொறியாளரின் கேள்வி சரியானது. கேட்ட நேரமும் சரியானது. ஆனால் அவர் அதை ஐயமாகக் கேட்டார். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் முன்னிலையில் கீழ்நிலையில் உள்ளவர் உண்மையைச் சொல்லும் முறை எங்கும் இதுதான். அவர் அறிவித்தல் செய்யமாட்டார், கேள்வியாகக் கேட்பார். அக்கேள்விக்குள் இருக்கும் எச்சரிக்கையைப் பிரித்து எடுப்பது கேட்பவரின் கடமை. பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் மன்னனும் இத்தகையவனே: இடித்துச் சொல்லும் துணை இல்லாதவனுக்குக் கெடுவதற்குப் பகைவர் வேண்டியதில்லை.

இவ்விபத்திற்குப் பின் விமானத் துறையினர் இரண்டு வகையில் திருந்தினர். முதலாவது, சொல்லைத் திருத்தினர். புறப்பாடு என்னும் சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதனை நீக்கும்போதும் அன்றி வேறெப்போதும் வழங்கலாகாது என்றாயிற்று. ‘சரி’ என்னும் விடை போதாது. கட்டளையின் முக்கியப் பகுதியைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பதும் வலுப்பெற்றது. இரண்டாவது, மனிதரைத் திருத்தினர். 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் நடத்திய பயிலரங்கிலிருந்து புதிய பயிற்சி முறை ஒன்று வளர்ந்தது. துணை விமானி ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லவும், தலைமை விமானி அதைக் கேட்கவும் பழக்குகின்ற பயிற்சி அது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் கேட்பதற்குப் பயிற்சி வேண்டும் என்று ஒரு தொழிலார் ஒப்புக்கொண்டது பெருஞ்செய்தியாகும். மற்றத் தொழில்கள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

பள்ளிக்கு வருவோம். பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன ஆசிரியை ஒருவர் தலைமையாசிரியரின் அறை வாயிலில் நின்று, “சார், மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் திங்கட்கிழமைகளில் வருவதே இல்லை, கவனித்தீர்களா?” என்று கேட்கிறார் என்று கொள்வோம். “வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டீர்கள் அல்லவா? சரி” என்று விடை வருகிறது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் சொல்ல வந்தது அதுவன்று. ஞாயிறு இரவுகளில் அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அவர் ஐயுறுகிறார். அதைச் சொல்லத் துணிவில்லாமல் கேள்வியாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். “என்ன நினைக்கிறீர்கள் அம்மா, உட்கார்ந்து சொல்லுங்கள்” என்று தலைவர் சொல்லியிருந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்திருக்கும். அடுத்த முறை அவர் வாயிலுக்கே வரமாட்டார். தலைமையாசிரியரோ பள்ளியில் குறை ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்.

ஆசிரியர் கூட்டங்களில் இதே குறை வேறு வடிவில் காணப்படும். முக்கால் மணி நேரம் பேசியபின், “ஏதாவது கேள்வி உண்டா?” என்று தலைவர் கேட்பார். ஒரு நொடி அமைதி. “இல்லையா? நல்லது, கூட்டம் முடிந்தது” என்பார். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்து 1970களில் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று அவர் கண்டார். அதை மூன்று நொடியாக்கினால் விடைகள் நீண்டன. முன்பு வாய் திறவாத மாணவரும் பேசினர். ‘தெரியாது’ என்பது குறைந்தது. கெட்டிக்காரர் என்று தாம் கருதியவருக்கு ஆசிரியர்கள் கூடுதலாகக் காத்திருந்தனர்; மந்தமானவர் என்று கருதியவருக்கோ குறைவாகவே காத்திருந்தனர் என்பதும் அவர் கண்டதே. அதாவது, நேரம் மிகுதியாக வேண்டியவனுக்கே அது குறைவாகக் கிடைத்தது. பயிற்சிக் கல்லூரிகளில் இவ்வாய்வைக் கற்று வகுப்பில் மூன்று நொடி காத்திருக்கப் பழகிய ஆசிரியர்கள்கூட, தலைமைப் பதவிக்கு வந்ததும் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு நொடிக்குத் திரும்பிவிடுகின்றனர். மூன்று நொடி என்பது சொல்லும்போது சிறிது; கூட்டத்தின் முன் நின்று காத்திருக்கும்போது மிக நீண்டது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் தாமே மீண்டும் பேசத் தொடங்கிவிடுவதுதான் பலருடைய குறை.

கேட்பது முதற்படி. பிறகு தலைவர் ஒன்றைக் கேட்டு வாங்கவும் வேண்டும்: உழைப்பை, நேரத்தை, பணத்தை. இதில் மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1950களிலும் அதற்குப் பின்னும் வெள்ளைக்காரக் குழும்பினர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலை போன தொழிலாளிக்கு வீடும் போயிற்று. லயம் தோட்டத்துக்குச் சொந்தமானதன்றோ? அந்த வேளையில், ம.இ.கா.வின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று எடுத்துரைத்தார். அவர் சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டம் உடைய குடும்பத்தில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், அமைச்சர். பால் சீவி வாழ்ந்தவர் அல்லர். அப்படிப்பட்டவர் பேச்சைப் பெரட்டுக்கு நின்று பழகிய மக்கள் ஏன் நம்பினர்?

அவர் கேட்ட முறையில் இதற்கு விடை இருக்கிறது. பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேர்க்கலாம் என்பது ஏற்பாடு. பத்து வெள்ளி அன்று தொழிலாளிக்குச் சிறு தொகை அன்று. ஆனால் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை. அது எதற்கு என்பது கண்ணால் காணக்கூடியது: நிற்கும் மரம், இருக்கும் லயம். கொடுப்பவர் நன்கொடையாளர் ஆகவில்லை, பங்காளி ஆனார். ‘சமுதாயம் உயரவேண்டும்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். பத்து வெள்ளி கிடைத்திராது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் அச்சங்கம் தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களுள் ஒன்று. சிங்கப்பூரிலும் 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதிக்குத் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளி தரவேண்டும் என்று கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி எழுந்த முயற்சி அது; அத்துறை 1956இல் தொடங்கிற்று. ஒரு வெள்ளி என்னும்போது கூலியாள் செல்வரோடு சமமாக நிற்கிறார். சிறியதைக் கேட்பது பெருந்தலைமைக்கு இழுக்கன்று.

இப்போது பள்ளிகள் பெற்றோரிடம் கேட்கும் முறையை இதனோடு ஒப்பிடலாம். மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளிகள் பல. அத்தகைய பள்ளியில் ஒரு குடும்பம் மனம் மாறி இரு பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பினாலும் வகுப்பறையில் அது தெரியும். பெற்றோருக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியிலும் பள்ளியின் வாழ்வு தொங்குகிறது என்பது மிகையன்று. ஆயினும் சுற்றறிக்கைகளின் நடையைப் பாருங்கள்: ‘சனிக்கிழமை துப்புரவுப் பணி நடைபெறும். பெற்றோர் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வராதோர் மீது கடுமையாகக் கருதப்படும்.’ இது பெரட்டே. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் தந்தை இதைப் படித்து என்ன செய்வார்? எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன கொண்டுவரவேண்டும், சிறு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், அரை மணி நேரம் மட்டும் வந்தால் போதுமா, ஒன்றுக்கும் விடை இல்லை. ‘காலை 8 முதல் 10 வரை. நான்கு பேர் வேலி கட்ட, ஆறு பேர் சாயம் பூச வேண்டும். இரவு வேலை முடித்து வருவோர் 9 மணிக்கு வரலாம். பிள்ளைகளை நூலகத்தில் ஓர் ஆசிரியை கவனித்துக்கொள்வார்’ என்று எழுதினால் வரி இரண்டு கூடும், ஆளும் கூடும்.

புலனம் வந்தபின் இச்சிக்கல் குறைந்தது என்று எண்ணுவோர் உளர். உண்மையில் கூடியது. செய்தி படிக்கப்பட்டதும் நீலக் குறி தோன்றுகிறது. அதைக் கண்டு செய்தி சேர்ந்துவிட்டதாகத் தலைவர் மனநிறைவு கொள்கிறார். நீலக் குறி அந்தக் காலத்துச் ‘சரிங்கய்யா’வின் புதிய உருவம், அவ்வளவே. குழுவில் நாற்பது பேர் கைகூப்பும் படத்தைப் போட்டிருப்பர். ஒருவருக்கும் நாள் நினைவிராது. முக்கியமான செய்தியாயின், மூன்று பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, “நாளைக்கு என்ன என்று உங்களுக்குப் புரிந்தது, சொல்லுங்கள் அம்மா” என்று கேட்பது ஐந்து நிமிட வேலை. மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் குற்றம் அவர்களுடையதன்று; அந்த வரியைத் திரும்ப எழுதவேண்டும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் குரலில் தேர்வு வைக்கும் தொனி வந்துவிடலாகாது. “நான் சரியாக எழுதினேனா என்று பார்க்கிறேன்” என்று தொடங்கினால் அந்தத் தொனி வராது.

குறை சொல்லும் இடமும் கருதத்தக்கது. சபைகூடலில் மாணவர் முன்னே ஆசிரியரைத் திருத்துவது, கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பது ஆகியவை கண்டிக்கப்பட்டவரை மட்டும் தாக்குவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர் அனைவரும் அன்றே தத்தம் தவறுகளை மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். வெருவந்த செய்யாமை என்று ஓர் அதிகாரத்தை வள்ளுவர் தனியே வகுத்ததன் நடைமுறைப் பயன் இதுவே. அஞ்சும் இடத்தில் செய்தி மேலே ஏறாது.

கூட்டத்தில் பேசும் வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம். தலைமையாசிரியர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டுப் பிறரைக் கேட்டால், வருவது கருத்தன்று, வழிமொழிதலே. இளையவர் முதலிலும் துணைத் தலைமையாசிரியர் இறுதிக்கு முன்னும் தலைவர் இறுதியிலும் பேசுவதாக வைத்துக்கொண்டால், முதல் இரண்டு கூட்டங்கள் தயக்கத்தில் கழியும். மூன்றாவதில் யாரேனும் ஒருவர் எதிர்பாராத ஒன்றைச் சொல்வார். அன்று தலைவரின் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற அனைவரும் பார்ப்பர். நான்காவது கூட்டம் நடக்குமா, வெறும் பெரட்டாகுமா என்பது அந்த முகத்தைப் பொறுத்தது.

கூட்டம் கலையுமுன், எடுத்த முடிவை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே ஒரே வரியில் எழுதி, உரக்கப் படிப்பதும் நல்ல பழக்கம். இரண்டு வரியும் ஒன்றாக இருப்பது அரிது. ஒருவர் ‘ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு மாலை வகுப்பு’ என்று எழுதியிருப்பார். மற்றவர் ‘ஐந்தாம் ஆண்டில் விரும்பும் மாணவருக்கு மாலை வகுப்பு’ என்று எழுதியிருப்பார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு சொல்லுக்காகத்தான் அடுத்த வாரம் பெற்றோர் வாயிலில் வந்து நிற்பர். அதை அங்கேயே, அனைவரும் இருக்கும்போதே, பேசித் தீர்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.